டெல்லிக் குளிரில் கண் மையைக் கலைப்பது எப்படி? இமை எரியாமல் ஒரு வழி சொல்லுங்கள்

துவாரகா_தேன்மொழி | திங்கள், இரவு 10:48

எல்லோருக்கும் வணக்கம். தினமும் நீல வழித்தட மெட்ரோவில் நொய்டா போய் வருகிற வேலை எனக்கு. காலையில் போட்ட மை இரவு வீடு திரும்பும் வரை அசையக் கூடாது என்பதற்காக, 24 மணி நேரம் கலையாது என்று அட்டையில் போட்டிருக்கும் காஜலும் வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவும் வாங்கினேன். சொன்ன வாக்கை இரண்டும் காப்பாற்றுகின்றன. தொல்லையே அதுதான். முகம் கழுவினால் மற்றதெல்லாம் போகிறது, கண்ணில் இருப்பது மட்டும் போவதில்லை. ஃபேஸ்வாஷைக் கண் பக்கம் கொண்டுபோனால் எரிகிறது. பஞ்சால் தேய்த்தால் இமை முடி கூடவே வருகிறது. இவ்வளவுக்குப் பிறகும் மறுநாள் காலையில் கண்ணுக்குக் கீழே கருப்பாக ஒரு வளையம்.

நவம்பரில் புகை ஆரம்பித்ததிலிருந்து இமைத் தோல் வேறு உரிகிறது. கான்டாக்ட் லென்ஸும் போடுகிறேன். கடையில் கேட்டால் மைசெல்லர் வாட்டர், பை-ஃபேஸ், பாம், கிளென்சிங் ஆயில் என்று நாலு பாட்டிலை எடுத்து வைக்கிறார்கள். நாலிலும் ‘மென்மையானது’ என்றுதான் எழுதியிருக்கிறது. எதை வாங்குவது? வீட்டில் இருப்பதை வைத்தே சமாளிக்க முடியுமா?

மை போடுவதையே விட்டுவிடு என்று சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து அடுத்த இழைக்குப் போய்விடுங்கள்.

மயூர்விகார்_மாமி | திங்கள், இரவு 11:05

தேங்காய் எண்ணெய். இழையை இத்தோடு மூடிவிடலாம்.

சரி, கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். எங்கள் பாட்டி வீட்டில் கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்து, நிழலில் உலர்த்தி, அதையே திரியாக்கி விளக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த தட்டில் படியும் கரியைச் சுரண்டி, நாலு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தால் மை தயார். எண்ணெயில் குழைத்தது எண்ணெயில்தான் போகும். படுக்கப் போகும் முன் இமையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுப்போம். எரிச்சலும் கிடையாது, முடியும் கொட்டாது. இதற்கு நாலு பாட்டில் எதற்கம்மா?

சோம்பேறி_சுபா | திங்கள், இரவு 11:12

மாமி, டிசம்பரில் மயூர் விஹாரில் மட்டும் தேங்காய் எண்ணெய் உறையாதா? எங்கள் வீட்டில் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு சொட்டு விழாது. அதைச் சுடுதண்ணீரில் நிறுத்தி உருக்குவதற்குள் நான் தூங்கியே போய்விடுவேன். என் ஓட்டு மேக்கப் துடைக்கும் ஈர வைப்ஸுக்கு. ஒரு இழுப்பு, விளக்கை அணை, படு.

மயூர்விகார்_மாமி | திங்கள், இரவு 11:20

உருக்குவானேன்? வாய் அகன்ற டப்பாவில் ஊற்றி வைத்தால் விரலாலேயே சுரண்டலாம். 24 டிகிரியைத் தாண்டினால் உருகிவிடுகிற பொருள், உள்ளங்கைச் சூடே அதற்குப் போதும். உன் சோம்பலுக்கு எண்ணெயைக் குறை சொல்லாதே.

ஓக்லா_வேதியன் | செவ்வாய், காலை 8:34

ஓக்லாவில் அழகுசாதனப் பொருள் தயாரிக்கும் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எதையும் விற்க வரவில்லை.

மாமி சொல்வதன் அடிப்படை சரி. ஆனால் அது அவர் பாட்டி செய்த மைக்குச் சரி. தேன்மொழி போடுவது வேறு சரக்கு. இன்றைய வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவில் தேன்மெழுகு, கார்னாபா மெழுகு, கருப்பு இரும்பு ஆக்சைடு எல்லாம் இருக்கும். இவற்றைக் கலந்து வைத்திருப்பது ஐசோடோடெக்கேன் என்ற லேசான திரவம். போட்ட சில நிமிடங்களில் அது ஆவியாகிவிடும். முடியின் மேல் மெழுகும் பிசினும் சேர்ந்த ஒரு படலம் மிஞ்சும். நீடித்து நிற்கும் காஜல்களில் அந்தப் பிசின் பெரும்பாலும் சிலிக்கோன் வகை. அட்டையின் பின்பக்கம் ட்ரைமெத்தில்சிலாக்ஸிசிலிகேட் என்று ஒரு பெயர் இருந்தால் அதுதான். வியர்வைக்கும் தண்ணீருக்கும் அசையாது. எண்ணெய்க்கும் உடனே அசையாது. தேங்காய் எண்ணெய் மெழுகை இளக்கும், பிசின் படலத்தைக் கழற்ற அதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கொடுக்காமல்தான் எல்லோரும் தேய்க்க ஆரம்பிக்கிறார்கள்.

இனி அந்த நாலு பாட்டில்.

பை-ஃபேஸ் என்பது இரண்டு அடுக்காக நிற்கும் திரவம். கீழே தண்ணீர், மேலே ஐசோடோடெக்கேன் அல்லது லேசான சிலிக்கோன் எண்ணெய். மஸ்காராவைத் தயாரிக்கும்போது எதில் கலந்தார்களோ அந்த வகைத் திரவமே இங்கே திரும்ப வருகிறது. அதனால் வாட்டர்ப்ரூஃப் மைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. குலுக்கிவிட்டு உடனே பஞ்சில் ஊற்ற வேண்டும், ஒரு நிமிடம் விட்டால் மறுபடி பிரிந்துவிடும். குலுக்காமல் ஊற்றினால் பஞ்சுக்கு வெறும் எண்ணெய் மட்டும் வரும்.

பாம், கிளென்சிங் ஆயில் இரண்டும் ஒரே குடும்பம். எண்ணெயோடு ஒரு பால்மமாக்கி சேர்த்திருப்பார்கள். பெக்-20 கிளிசரில் ட்ரைஐசோஸ்டியரேட், பாலிசார்பேட் போன்ற பெயர்களில் இருக்கும். தண்ணீர் பட்டதும் வெள்ளையாகப் பால்போல் மாறி, கரைந்த மையையும் இழுத்துக்கொண்டு போய்விடும். வீட்டுத் தேங்காய் எண்ணெயில் இது இல்லை, அதனால் அது தண்ணீரில் போகாமல் இமையிலேயே தங்குகிறது. பாமுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு இந்த ஒன்றுக்குத்தான்.

மைசெல்லர் வாட்டர் என்பது மிகக் கொஞ்சமாகச் சர்ஃபாக்டன்ட், அதாவது எண்ணெயையும் அழுக்கையும் தண்ணீரோடு சேர்த்து இழுக்கும் பொருள், கலந்த தண்ணீர். பிரான்சில் 1995-இல் பயோடெர்மா கொண்டுவந்தது இன்று எல்லோரிடமும் இருக்கிறது. சாதாரண காஜலுக்கும் லேசான ஐஷேடோவுக்கும் நல்லது. வாட்டர்ப்ரூஃபுக்கு இதைப் பயன்படுத்தினால் பத்துத் தடவை தேய்க்க வேண்டியிருக்கும். திரவம் மென்மைதான், அந்தத் தேய்ப்பு மென்மை இல்லை. அப்புறம், கழுவத் தேவையில்லை என்று பாட்டிலில் எழுதியிருந்தாலும் கழுவிவிடுங்கள். சர்ஃபாக்டன்டை இரவெல்லாம் இமையில் வைத்துக்கொண்டு தூங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை, அதுவும் தோல் ஏற்கெனவே உரிகிறது என்கிறீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ட்யூபிங் மஸ்காரா என்று ஒரு வகை வருகிறது. ஒவ்வொரு முடியைச் சுற்றியும் பாலிமர் உறை போட்டுக்கொள்ளும். அதற்கு எண்ணெய் தேவையே இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் உறை உறையாகக் கழன்று கையில் வரும். பார்த்தால் முடி கொட்டியதுபோல் பயமாக இருக்கும், பயப்பட வேண்டாம். தினசரி மெட்ரோவுக்கு இதைப் போட்டுக்கொண்டு, வாட்டர்ப்ரூஃபைக் கல்யாணத்துக்கும் மழைக்கும் வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி குறையும்.

சோம்பேறி_சுபா | செவ்வாய், காலை 9:02

இவ்வளவு நீளமாக எழுதினீர்கள், வைப்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே? ஆட்டத்தில் சேர்க்கவில்லையா?

ஓக்லா_வேதியன் | செவ்வாய், காலை 9:15

மரியாதைக்காக விட்டேன், நீங்களே கேட்டுவிட்டீர்கள். வைப்ஸ் என்பது மைசெல்லர் வாட்டரில் நனைத்த கரடுமுரடான துணி. ஈரமாகவே மாதக்கணக்கில் பாக்கெட்டில் கெடாமல் இருக்க வேண்டும் என்பதால் அதில் பாதுகாப்புப் பொருள் கட்டாயம். முன்பு பல வைப்ஸ்களில் மெத்தில்ஐசோதையசோலினோன் போட்டார்கள். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் 2013-இல் ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது அதைத்தான். கழுவாமல் தோலில் விடப்படும் பொருட்களில் அதைச் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் நிறுத்திவிட்டது. இப்போது நல்ல வைப்ஸில் அது இருக்காது, ஆனாலும் அட்டையைப் பார்த்து வாங்குங்கள். ரயிலில், வெளியூரில் அவசரத்துக்கு வைப்ஸ் சரி. தினமும் கண்ணுக்கு வேண்டாம்.

ஆப்டோம்_ஆனந்தி | செவ்வாய், மதியம் 1:40

கரோல் பாக்கில் கண் பரிசோதனை செய்கிறேன், ஆப்டோமெட்ரிஸ்ட். சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேன்மொழி, முதலில் லென்ஸ். மையைக் கலைக்கும் முன் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும். எண்ணெய் எந்த வகையாக இருந்தாலும் லென்ஸில் ஒட்டினால் லென்ஸ் கரைசலில் முழுதாகப் போகாது, மறுநாள் பார்வை மங்கும். கழற்றும் முன் கையைச் சோப்பால் கழுவி, துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு தொடுங்கள். குழாய்த் தண்ணீர் லென்ஸில் படவே கூடாது. அதில் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம், அது கருவிழிக்குள் போனால் சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும். காலையில் வரிசை தலைகீழ்: முதலில் லென்ஸ், பிறகு மை.

இரண்டாவது, மை போடும் இடம். இமை விளிம்பில், முடிக்கு உள்பக்கம், ஈரமாக ஒரு கோடு இருக்கிறதே, வாட்டர்லைன், அங்கே இழுக்கிறீர்களா? அந்தக் கோட்டில்தான் மெய்போமியன் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாகத் திறக்கின்றன. மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை. கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கும் எண்ணெய் அங்கிருந்துதான் வருகிறது. அந்த வாய்களை மெழுகால் அடைத்தால் கண் உலரும், உறுத்தும், சில நேரம் கட்டி வரும். டெல்லிக் குளிரும் புகையும் ஏற்கெனவே கண்ணை உலர்த்துகின்றன, இதுவும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2015-இல் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். மினுமினுப்புள்ள பென்சிலை முடிக்கு உள்பக்கம் போட்டபோது ஐந்தே நிமிடத்தில் துகள்கள் கண்ணீரில் கலந்தன. வெளிப்பக்கம் போட்டபோது இருந்ததைவிட 15 முதல் 30 சதவீதம் அதிகத் துகள்கள். உங்கள் கேள்வி கலைப்பதைப் பற்றித்தான், தெரியும். ஆனால் உள்ளே போடாத மையை உள்ளேயிருந்து எடுக்க வேண்டிய வேலையும் இல்லை. முடியின் அடியோரம் வெளிப்பக்கமாகப் போட்டுப் பாருங்கள், பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது மாமிக்கு. தேங்காய் எண்ணெயை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தடவிவிட்டு அப்படியே படுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். இமையில் தங்கும் எண்ணெய் கண்ணுக்குள் இறங்கிப் பார்வையைக் கொஞ்ச நேரம் மங்கலாக்கும். சிலருக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் குருணைகள் வரும். எண்ணெயால் கலைத்த பிறகு மென்மையான ஃபேஸ்வாஷ் ஒரு சொட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீர். அவ்வளவு போதும்.

கலைக்காமலே தூங்குகிறவர்கள் இந்த இழையில் நிச்சயம் இருப்பீர்கள். 2018-இல் ஆஸ்திரேலியாவில் 50 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி மருத்துவ இதழில் வந்தது. 25 ஆண்டுகளாக மஸ்காராவைச் சரியாகக் கழுவாததில், மேல் இமையின் உள்பக்கம் கறுப்புக் கட்டிகள் புதைந்து, கருவிழியையும் உரசியிருந்தன. இமையைத் திருப்பி எடுத்தார்கள். படத்தைத் தேடிப் பார்க்காதீர்கள், சாப்பிட முடியாது. நான் இப்போதுதான் டப்பாவைத் திறக்கிறேன்.

மயூர்விகார்_மாமி | செவ்வாய், மதியம் 2:10

ஆனந்தி சொல்வதை ஏற்கிறேன், பாதி. நாங்கள் இரவு முழுக்க எண்ணெயோடுதான் தூங்கினோம், எனக்கு 67 வயது, இன்னமும் ஊசியில் நூல் கோக்கிறேன்.

ஆப்டோம்_ஆனந்தி | செவ்வாய், மதியம் 2:14

கண்ணாடி போட்டுக்கொண்டா மாமி? 🙂

மயூர்விகார்_மாமி | செவ்வாய், மதியம் 2:31

அது வேறு விஷயம்.

அரங்கேற்றம்_அகிலா | செவ்வாய், மாலை 6:20

நான் ஆர்.கே. புரத்தில் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். மலை மந்திர் விழாவோ பள்ளி ஆண்டு விழாவோ, நிகழ்ச்சி முடிந்த இரவு பத்துப் பன்னிரண்டு பெண்களின் கண்ணைத் துடைத்துவிட வேண்டிய பொறுப்பு எனக்கும் அவர்களின் அம்மாக்களுக்கும். காது வரை நீட்டிய கருப்புக் கோடு, அதன் மேல் பளபளப்பு, ஒட்டு இமை. அரைத் தூக்கத்தில் இருக்கும் எட்டு வயதுக் குழந்தையின் கண்ணில் தேய்த்தால் ஊரையே எழுப்பிவிடும். அதனால் எந்தப் பாட்டில் என்பதைவிடக் கை எப்படிப் போகிறது என்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

பஞ்சு வட்டத்தைச் சொட்டச் சொட்ட நனையுங்கள். பாதி காய்ந்த பஞ்சுதான் முடியைப் பிடுங்குகிறது. கண்ணை மூடி, பஞ்சை இமை மேல் வைத்து, மெல்ல அழுத்தி, அப்படியே விட்டுவிடுங்கள். எண்ணிக்கொண்டே 30 வரை போங்கள், வாட்டர்ப்ரூஃபாக இருந்தால் 45. அடிப்பிடித்த பாத்திரத்தைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துவிட்டுத்தானே தேய்க்கிறோம்? இங்கேயும் அதேதான். பிறகு பஞ்சை எடுக்கும்போது மேலிருந்து கீழாக, முடி வளரும் திசையில் ஒரே வழி. குறுக்கே போகக் கூடாது, திரும்பி மேலேயும் வரக் கூடாது. முதல் தடவையில் முக்கால்வாசி வந்துவிடும். பஞ்சைத் திருப்பி, சுத்தமான பக்கத்தால் இன்னொரு முறை அதே மாதிரி.

முடி வேரில் மிஞ்சுவதற்கு ஒரு சின்ன வித்தை. பஞ்சை இரண்டாக மடித்துக் கீழ் இமை முடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடினால் மேல்முடி பஞ்சின் மேல் படிந்து நிற்கும். இப்போது காது குடையும் பஞ்சுக்குச்சியை ரிமூவரில் தொட்டு, வேரிலிருந்து நுனிக்குத் தடவினால் கருப்பெல்லாம் கீழே உள்ள பஞ்சில் இறங்கும். கன்னத்துக்கு வழியாது.

தேன்மொழி சொன்ன காலை வளையம் எனக்குத் தெரிந்து இந்த வேர்ப் பாக்கிதான். இரவில் தலையணையில் புரளும்போது அது இறங்கி வருகிறது.

இன்னொன்று. தேய்க்கத் தேய்க்க நம் நிறத்துக்குக் கண்ணடி கறுக்கும். உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத் தோல்தான், உரசல் தாங்காது. கருவளையத்துக்கு ஒரு க்ரீம், அதைப் போட்டுத் தேய்க்க இன்னொரு க்ரீம் என்று வாங்கிக் குவிப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

முனிர்கா_முத்து | செவ்வாய், இரவு 9:05

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நாடகக் குழுவில் இருக்கிறேன், நானும் மை போடுகிறவன்தான். பழைய டெல்லிப் பக்கம் நண்பன் ஒருவன் சுர்மா, கண்ணில் தீட்டும் கருப்புப் பொடி, வாங்கித் தந்தான். கெமிக்கலே இல்லாதது, கல்லை அரைத்தது, தண்ணீரிலேயே போய்விடும் என்றான். வாட்டர்ப்ரூஃப் தொல்லைக்குப் பதில் இதைப் போட்டால் என்ன?

ஓக்லா_வேதியன் | செவ்வாய், இரவு 9:22

முத்து, அந்தக் கல் எது என்று கேட்டீர்களா? பழைய முறைச் சுர்மாவில் பல, கலீனா என்ற தாதுவை அரைத்தவை. கலீனா என்றால் ஈய சல்ஃபைடு. சோதனை செய்த சில சுர்மாக்களில் எடையில் பாதிக்கும் மேல் ஈயமே இருந்திருக்கிறது. கண்ணீரில் கரைந்து மூக்கு வழியாகவும், கையில் ஒட்டி வாய் வழியாகவும் உடலுக்குள் போகும். குழந்தைகளுக்கு ஈயம் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். அதனால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதை அழகுசாதனத்தில் அனுமதிப்பதில்லை. நம் நாட்டு விதிகளும் நிறத்துக்காக ஈயக் கலவை சேர்ப்பதைத் தடுக்கின்றன. தயாரித்தவர் பெயரும் பொருள் பட்டியலும் இல்லாத பொட்டலம் என்றால் போட வேண்டாம். சுலபமாகக் கலைகிறது என்பது அதற்கு நற்சான்று ஆகாது.

முனிர்கா_முத்து | செவ்வாய், இரவு 9:30

டப்பாவில் எதுவுமே எழுதவில்லை. குப்பைக்குப் போகிறது. நன்றி அண்ணா.

ஆப்டோம்_ஆனந்தி | செவ்வாய், இரவு 9:41

இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: பச்சைக் குழந்தைக் கண்ணில் எந்த மையும் வேண்டாம், வீட்டில் செய்ததும் வேண்டாம். திருஷ்டிக்குக் கன்னத்தில் பொட்டு வையுங்கள், கண்ணை விட்டுவிடுங்கள்.

லாஜ்பத்_லாவண்யா | புதன், காலை 10:10

எனக்கு ஐலாஷ் எக்ஸ்டென்ஷன் (சொந்த இமை முடியோடு ஒட்டும் செயற்கை முடி) போட்டிருக்கிறது. எண்ணெய் பட்டால் விழுந்துவிடும் என்று பார்லரில் சொன்னதால் கண் பக்கமே போகாமல் இருக்கிறேன். ரோஸ் வாட்டரால் துடைத்தால் போதுமா? பேபி ஷாம்பூ போடலாம் என்றும் ஒருத்தி சொன்னாள்.

ஆப்டோம்_ஆனந்தி | புதன், மதியம் 1:25

எக்ஸ்டென்ஷனை ஒட்டுவது சயனோஅக்ரிலேட் பசை, எண்ணெய் அதைத் தளர்த்தும் என்பதால் எண்ணெயில்லாத க்ளென்சர்தான் உங்களுக்கு. மைசெல்லரிலும் எண்ணெய் சேர்த்த வகை உண்டு, பார்த்து வாங்குங்கள். பஞ்சு வேண்டாம், நார் சிக்கிக்கொண்டு இழுக்கும். மெல்லிய பிரஷ்ஷில் நுரையைத் தொட்டு வேர்ப் பக்கம் தடவிக் கழுவுங்கள். ஆனால் கழுவாமல் மட்டும் இருக்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் விழுந்துவிடும் என்று பயந்து வாரக்கணக்கில் தண்ணீரே படாமல் வைத்திருந்து, இமை வீங்கி, வேரில் பொடுகு மாதிரி செதில் கட்டி வருகிறவர்கள் அடிக்கடி வருகிறார்கள். பிளெஃபரைடிஸ் என்போம்.

ரோஸ் வாட்டர் மணக்கும், மையைக் கலைக்காது. கடை ரோஸ் வாட்டர் கிருமி நீக்கியது இல்லை, கண்ணுக்குள் சொட்டு விடவே கூடாது. டெல்லியில் பாதிப் பேர் வீட்டில் இதைத்தான் செய்கிறார்கள். பேபி ஷாம்பூவைத் தண்ணீர் கலந்து இமைக்குப் போடச் சொல்வது டாக்டர்களே பல காலம் சொன்ன அறிவுரை. இப்போது அதற்கென்றே செய்த இமை க்ளென்சர்கள் கெமிஸ்ட் கடையில் கிடைக்கின்றன. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வில் க்ளென்சர்தான் மேலாக நின்றது, ஷாம்பூ கண்ணீரின் சளிப்படலத்தைக் கொஞ்சம் குறைத்தது. வேறெதுவும் இல்லாத நாளில் ஷாம்பூ பரவாயில்லை.

துவாரகா_தேன்மொழி | புதன், இரவு 11:02

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. ஆபீஸ் முடிந்து வரும் வழியில் ஒரு பை-ஃபேஸ் வாங்கினேன். லென்ஸைக் கழற்றி, அகிலா அக்கா சொன்ன மாதிரி சொட்டச் சொட்ட நனைத்து, எண்ணிக்கொண்டே காத்திருந்தேன். பஞ்சை எடுத்தால் முழு இமையின் அச்சும் அதில் இருக்கிறது. ஒரு முடிகூட வரவில்லை. மடித்த பஞ்சு வித்தையும் வேலை செய்கிறது.

இரண்டு சந்தேகம் மிச்சம். ஒன்று, எங்கள் சொசைட்டியில் போர்வெல் தண்ணீர் கலந்து வருகிறது, சோப்பு நுரைப்பதே இல்லை. கடைசியில் கழுவும்போது முகம் வறவற என்று இழுக்கிறது. இரண்டு, இமை உரிவது நிற்க வேண்டுமே? மை போடாத ஞாயிற்றுக்கிழமையும் உரிந்தது.

ஓக்லா_வேதியன் | வியாழன், காலை 8:15

முதல் கேள்விக்கு: கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியம், சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகி, தோலிலேயே படிகிறது. சோப்புக் கட்டியை முகத்துக்கு நிறுத்துங்கள். சோப்பில்லாத திரவ க்ளென்சர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதற்காக ஆர்.ஓ. தண்ணீரில் முகம் கழுவச் சொல்லமாட்டேன், வீட்டில் உதை விழும். கண்ணைச் சுற்றி மட்டும் கடைசியாக ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் விட்டால் போதும்.

ஆப்டோம்_ஆனந்தி | வியாழன், மதியம் 1:50

இரண்டாவது கேள்வி எனக்கு. மை போடாத நாளிலும் உரிகிறது என்றால் மையை மட்டும் சந்தேகப்படுவது சரியில்லை. நெயில் பாலிஷ் போடுகிறீர்களா? நகத்தில் ஒன்றும் தெரியாது, அதே கையால் கண்ணைத் தொட்டுத் தொட்டு இமையில் ஒவ்வாமை வருவது மிகவும் சகஜம். ஜெல் பாலிஷிலும் உண்டு. தலைக்கு அடிக்கும் டை, வாசனை சேர்த்த க்ரீம், நிக்கல் பூசிய ஐலாஷ் கர்லர், இவையும் பட்டியலில் வரும். ஒரு மூன்று வாரம் நெயில் பாலிஷை நிறுத்திப் பாருங்கள். இரவில் கழுவிய பிறகு உரியும் இடத்தில் வாசலினை ஒரு பூச்சாக, முடி வேரில் படாமல் தடவலாம். அப்படியும் நிற்கவில்லை என்றால் தோல் டாக்டரிடம் போய், எது ஒவ்வவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள், ஸ்டீராய்ட் க்ரீமை நீங்களாக வாங்கி இமையில் போடாதீர்கள். அது கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். கண்ணே சிவந்து வலித்தால், வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினால், பார்வை மங்கினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். எய்ம்ஸின் கண் மருத்துவமனையான ஆர்.பி. சென்டரில் அவசரப் பிரிவு இருக்கிறது.

துவாரகா_தேன்மொழி | வியாழன், இரவு 10:30

நெயில் பாலிஷ்! தீபாவளிக்கு ஜெல் போட்டேன், புகைக்கு முன்னாடிதான். எடுத்துவிட்டுப் பார்க்கிறேன்.

நிர்வாகி | வெள்ளி, காலை 9:00

இடையில் வந்த இரண்டு விற்பனை இணைப்புகளை நீக்கியிருக்கிறோம். பிராண்ட் பெயர் சொல்லலாம், வாட்ஸ்அப் எண் போட்டு விற்க வேண்டாம்.

சோம்பேறி_சுபா | வெள்ளி, காலை 9:40

நானும் வைப்ஸை விடலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் 45 வரை எண்ண வேண்டுமாமே. பஞ்சை வைத்துக்கொண்டு படுக்கையிலேயே எண்ணலாமா?

அரங்கேற்றம்_அகிலா | வெள்ளி, காலை 10:05

படுக்காதே, பஞ்சோடு தூங்கிவிடுவாய். சிங்க் முன்னால் நின்று எண்ணு.

துவாரகா_தேன்மொழி | வெள்ளி, இரவு 8:45

கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். தை மாதம் அத்தை பெண்ணுக்குக் கல்யாணம். அவளுக்கு ஒட்டு இமை வைக்கப்போகிறார்கள். இரவு ரிசப்ஷன் முடிந்து அதை எடுக்கும் வேலை என் தலையில்தான் விழும். பிய்த்து எடுக்கலாமா?

அரங்கேற்றம்_அகிலா | வெள்ளி, இரவு 9:10

பிய்க்காதே அம்மா, அவளுடைய சொந்த முடியும் கூடவே வரும். உன் பை-ஃபேஸையே பஞ்சுக்குச்சியில் தொட்டு, ஒட்டு இமையின் பட்டை நெடுகத் தடவு. அரை நிமிடம் கண்ணை மூடியே இருக்கட்டும். வெளிக்கோடியில் பட்டை லேசாகத் தூக்கிக்கொள்ளும், அங்கே பிடித்து மூக்குப் பக்கமாக மெல்ல உரி. எங்காவது பிடித்தால் இழுக்காமல் அந்த இடத்தில் இன்னொரு தடவை தடவு. இமையில் மிஞ்சும் பசையை நகத்தால் சுரண்டாதே, அதுவும் ரிமூவருக்கே இளகி வரும். கண்ணை அதற்குப் பிறகு நான் சொன்ன மாதிரி துடை. கல்யாண ஹாலில் பஞ்சு கிடைக்காது, ஒரு பாக்கெட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போ.